முந்நூறு மரமும் ஒரு கம்பும்: சிலோனிலிருந்து வந்த பால்வெட்டுக்காரரின் வாழ்க்கையை எழுதி எடுத்த விதம்

பதினாறாம் நாள் காரியத்துக்கு அடித்த அட்டையில், ரப்பர் மரத்துப் பட்டையைச் சீவிப் பால் எடுத்தே வாழ்ந்த அவரைப் பற்றி நாலு வரி இருந்தது. இலங்கையிலிருந்து அகதியாக வந்தார். வந்ததும் அரசு ரப்பர் கழகத்தில் சேர்ந்தார். கடின உழைப்பாளி. பாசமான தகப்பன். முதல் இரண்டு வரியும் தப்பு. அடுத்த இரண்டு வரியை ஊரில் யார் இறந்தாலும் போடலாம்.

அட்டையோடு முடிந்திருந்தால் யாரும் கவலைப்பட்டிருக்க மாட்டார்கள். ஆனால் அவர் மனைவிக்கு வர வேண்டிய குடும்ப ஓய்வூதியம், பெயர் பொருந்தவில்லை என்று நின்றுவிட்டது. பெயரை எழுதிய விதம் கடவுச்சீட்டில் ஒன்று, வருங்கால வைப்பு நிதிக் கணக்கில் ஒன்று, ஆதாரில் வேறொன்று. மூன்றும் ஒரே ஆள்தான் என்று காட்ட, அவர் எங்கே பிறந்தார், எப்போது வந்தார், எந்த வருஷம் எங்கே வேலை பார்த்தார் என்று முதலிலிருந்து எழுத வேண்டியிருந்தது. எழுதத் தொடங்கியபோதுதான் அவருடைய தொழில் என்னவென்று பிள்ளைகளுக்கே சரியாகத் தெரியாது என்பது வெளியே வந்தது. “அப்பா பால் வெட்டப் போவாங்க.” அவ்வளவுதான் தெரியும்.

இந்த ஆய்வில் அவர் பெயர் இல்லை. கன்னியாகுமரி மாவட்டத்தின் கீரிப்பாறை, மணலோடை, சிற்றாறு, கோதையாறு மலைப்பக்கங்களில் இதே பாதையில் வந்த குடும்பங்கள் பல. அந்த வீடுகளிலும் இதே மாதிரி ஒரு தகரப்பெட்டி இருக்கும், அதற்குள் இதே குழப்பம் இருக்கும். அதனால் செய்த வேலையை விவரமாகச் சொல்வதுதான் பயன்.

அகதி இல்லை, தாயகம் திரும்பியவர்

பெட்டியில் இருந்தவை: காலாவதியான இந்தியக் கடவுச்சீட்டு ஒன்று, குடும்ப அட்டை, தோட்டத்தில் கொடுத்த பற்றுச்சீட்டு, வைப்பு நிதிச் சீட்டுகள், ஓய்வூதிய ஆணை, ஒரு புகைப்படம். பற்றுச்சீட்டு என்பது ஒரு தோட்டத்தில் பெயர் வெட்டி வேறு இடத்துக்குப் போகிறவருக்குக் கொடுக்கும் தாள். குடும்ப அட்டையை நம் ஊர் ரேஷன் கார்டு என்று நினைத்து மகன் தனியாக ஒதுக்கி வைத்திருந்தார். உண்மையில் மொத்தப் பெட்டியிலும் முக்கியமான தாள் அதுதான். இலங்கையிலிருந்து கிளம்பும்போது குடும்பத்தில் யார் யார், என்ன வயது என்று எழுதி இந்தியத் தரப்பு கொடுத்தது அது. மறுவாழ்வு உதவிகள் எல்லாவற்றுக்கும் அதுவே அடிப்படை.

1948-இல் வந்த இலங்கைக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தோட்டங்களில் இருந்த இந்திய வம்சாவளித் தமிழரில் மிகப் பெரும்பாலோரை எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாதவர்களாக்கியது. 30.10.1964 அன்று கையெழுத்தான சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் அப்படிப்பட்ட 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் ஒதுக்கியது. மீதி 1,50,000 பேரை 1974-இல் இரு நாடும் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டன. இந்தக் கணக்கில் வந்தவர்கள் கண்டியில் இருந்த இந்தியத் தூதரக அலுவலகத்தில் விண்ணப்பம் போட்டு, கடவுச்சீட்டு வாங்கி, கப்பல் ஏறும்போதே இந்தியக் குடிமக்களாக ஏறியவர்கள். 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு உயிர் தப்பி வந்தவர்கள் அகதிகள். அவர்களிலும் மலையகத்தார் உண்டு. ஆனால் சட்டப்படி இரண்டும் வேறு வேறு நிலை. அட்டையில் “அகதி” என்று பிள்ளைகள் பாசத்தோடுதான் போட்டார்கள். அதே சொல் ஒரு மனுவில் ஏறினால் பேரன் பேத்தி வரைக்கும் குடியுரிமைக் கேள்வி எழும். இந்த ஒரு சொல்லைத் திருத்துவதுதான் முதல் வேலை.

அடுத்தது கப்பல். “அப்பா தனுஷ்கோடியில வந்து இறங்கினாங்க” என்று மகன் உறுதியாகச் சொன்னார். 1964 டிசம்பர் 22, 23 புயலில் தனுஷ்கோடி அழிந்தது. ஒப்பந்தம் போட்டு இரண்டு மாதம்கூட ஆகவில்லை அப்போது. எழுபதுகளின் நடுவில் வந்தவர் தலைமன்னாரில் ஏறி ராமேஸ்வரத்தில்தான் இறங்கியிருக்க முடியும். அங்கிருந்து மண்டபம் முகாம். மகன் பொய் சொல்லவில்லை. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் ஓடத் தொடங்கியது 1914-இல். அந்த வழியில் சிலோனுக்குப் போனவர் அவருடைய தாத்தா. தாத்தா போன கதையும் அப்பா வந்த கதையும் வீட்டில் ஒன்றாகக் கலந்துவிட்டன. இப்படிப்பட்ட கலப்பு கிட்டத்தட்ட எல்லா வீட்டிலும் இருக்கிறது. அதனால் யாராவது ஒரு துறைமுகத்தின் பெயரைச் சொன்னால் உடனே வருஷத்தைக் கேட்க வேண்டும்.

சேர்ந்த வருஷம்

அட்டையின் இரண்டாம் வரிக்கு வருவோம். வைப்பு நிதிச் சீட்டில் 1984 என்று இருந்தது. அதை வைத்து “வந்ததும் கழகத்தில் சேர்ந்தார்” என்று எழுதிவிட்டார்கள். அரசு ரப்பர் கழகமே செயல்படத் தொடங்கியது 1984-இல்தான். அதுவரை அரசு ரப்பர் தோட்டங்கள் வனத்துறையின் கையில் இருந்தன. ஆக, சீட்டில் இருப்பது கழகத்தின் தொடக்கம், மனிதரின் தொடக்கம் இல்லை. நடுவில் ஏழெட்டு வருஷம் காணாமல் போயிருந்தது.

அந்த வருஷங்களை மூத்த மகளின் பள்ளிச் சேர்க்கைப் பதிவேடுதான் மீட்டுக் கொடுத்தது. தகப்பனார் தொழில் என்ற கட்டத்தில் “ரப்பர் தோட்டக் கூலி”, முகவரியில் மலையடிவாரக் குடியிருப்பு. 1984-க்கு முந்தைய பதிவு. வேலை தேடி அலைந்த தொழிலாளர் வாழ்க்கையை எழுதுகிறவர்களுக்கு இதைவிடப் பயனுள்ள ஆவணம் குறைவு என்பது எங்கள் கருத்து. பிறப்புச் சான்றில் ஊர்தான் கிடைக்கும். பள்ளிப் பதிவேட்டில் ஊரும் தொழிலும் தேதியோடு கிடைக்கும், பிள்ளைகள் எண்ணிக்கை அளவுக்குத் திரும்பத் திரும்பவும் கிடைக்கும்.

கம்பு

இனி தொழில். இலங்கையில் இரத்தினபுரிப் பக்கம் ரப்பர் தோட்ட லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில் பிறந்து, அங்கேயே பால் வெட்டிப் பழகியவர் அவர். ஆசியாவில் முதல் ரப்பர் மரங்கள் வளர்ந்தது இலங்கையின் ஹெனரத்கொடை தோட்டத்தில், 1876-இல். அந்தத் தொழிலைக் கையோடு கொண்டுவந்தார் என்பதால்தான் மண்டபத்திலிருந்து குமரி மலைக்கு வந்தது அவருக்குப் பொருந்தியது. தேயிலைத் தோட்டத்துக்காரர்கள் பலர் நீலகிரிக்குப் போனார்கள். ரப்பர் தெரிந்தவருக்கு இந்தப் பக்கம்.

வீட்டில் ஒரு கம்பு இருந்தது. அவருடைய நெஞ்சு உயரம், பெருவிரல் தடிமன், பக்கவாட்டில் வரிசையாகக் கீறல்கள். நாய் விரட்ட வைத்திருந்த கம்பு என்று மருமகள் நினைத்திருந்தார். மேல் கீறலிலிருந்து அடி வரை அளந்தால் 125 சென்டிமீட்டர். அதற்குக் கீழே கீறலுக்குக் கீறல் சுமார் 22 மில்லிமீட்டர். பத்துக் கீறலுக்கு ஒரு முறை கொஞ்சம் நீளமான கீறல். அப்படி ஐந்து கூட்டம். கடைசிக் கீறல் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்துக்குள் முடிகிறது.

பால்வெட்டு தெரிந்தவர்களுக்கு இது திறந்து வைத்த கணக்குப் புத்தகம். ஒட்டுக்கன்று மரம் 125 சென்டிமீட்டர் உயரத்தில் 50 சென்டிமீட்டர் சுற்றளவு வந்தால் வெட்டுக்குத் தயார். அந்த உயரத்தில் தொடங்கி, மரத்தின் பாதிச் சுற்றுக்கு ஒரு வெட்டு, ஒரு நாள் விட்டு ஒரு நாள். மாதத்துக்குப் பதினைந்து வெட்டு. ஒரு வெட்டுக்கு ஒன்றரை மில்லிமீட்டர் பட்டை சீவினால் மாதத்துக்கு 22 மில்லிமீட்டர். இலையுதிர்ந்து தளிர்க்கும் நாட்களில் மரத்துக்கு ஓய்வு, அதோடு மழை நாட்களையும் கழித்தால் வருஷத்துக்குப் பத்து மாதக் கணக்கு. பத்துக் கீறல் ஒரு வருஷம். ஐந்து வருஷத்தில் ஒரு பக்கப் பட்டை முடியும். கம்பைத் திருப்பினால் மறுபக்கமும் இதே கீறல்கள். இரண்டு பக்கமும் முடியப் பத்து வருஷம் ஆகும். அதற்குள் முதல் பக்கத்தில் புதுப்பட்டை தடித்து மறுபடி வெட்டுக்கு வந்திருக்கும்.

அவசரக்காரர் கையில் ஒரு வெட்டுக்கு இரண்டரை மில்லிமீட்டர் போகும். பால் ஒன்றும் கூடுதலாக வராது. பால்குழாயின் வாயைத் திறக்க ஒன்றரை போதும். ஆனால் மாதத்துக்கு 37 மில்லிமீட்டர் பட்டை போய்விடும், மூன்று வருஷத்தில் ஒரு பக்கம் தீர்ந்துவிடும், புதுப்பட்டை தேறுவதற்கு முன்பே கத்தி அங்கே திரும்பி வரும். மரம் வாழ்நாள் முழுக்கத் தேறாது. கம்பில் இருக்கும் 22 என்ற எண் அவர் மரத்தை எப்படி நடத்தினார் என்பதற்குச் சாட்சி. பிள்ளைகள் சொன்ன “கடின உழைப்பாளி”யை விட இந்த எண்ணுக்கு எடை அதிகம்.

ஒரு வெட்டு என்பது

இருட்டோடு போக வேண்டும். பால்குழாய்களுக்குள் அழுத்தம் அதிகம் இருப்பது விடியலுக்கு முன்புதான். வெயில் ஏறி இலை நீர் விடத் தொடங்கினால் அழுத்தம் இறங்கும், பாலும் குறையும். பால் சேர்க்காத கட்டஞ்சாயா குடித்து நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு நாலரை மணிக்குக் கிளம்புவார் என்று மனைவி சொன்னார். ஒரு நாளைக்கு 300 மரம். இன்றைக்கு ஒரு பிளாக், நாளைக்கு மற்றது, ஆக 600 மரம் அவர் பொறுப்பு.

மரத்தடிக்கு வந்ததும் முதலில் வெட்டுத்தடத்தில் காய்ந்திருக்கும் ஒட்டுப்பாலை நாடா மாதிரி உரித்துக் கூடையில் போட வேண்டும். பால் பிடிக்கும் சிரட்டையின் (கொட்டாங்குச்சியின்) அடியில் கட்டியானதையும் எடுத்துவிட வேண்டும். அதை விட்டுவிட்டுப் புதுப்பால் விழுந்தால் பால் கெடும். பிறகு வெட்டு. இடப்பக்கம் மேலே தொடங்கி வலப்பக்கம் கீழே முடியும், 30 பாகைச் சரிவு. பட்டைக்குள் பால்குழாய்கள் நேராக நிற்பதில்லை, மேலே போகப் போக வலப்பக்கம் லேசாகச் சாய்ந்து போகும். அதனால் இடமிருந்து வலமாக இறங்கும் வெட்டுத்தான் அதிகக் குழாய்களை அறுக்கும். சரிவு குறைந்தால் பால் தடத்தை விட்டு வழிந்து பட்டையில் ஓடும். கூடினால் வெட்டு மரத்தின் அடியை எட்டும்போது பட்டை வீணாகும்.

ஆழம்தான் கைவேலை. பால் நிறைய இருப்பது உள்பட்டையில், தண்ணிப்பட்டை என்று தொழிலாளர் சொல்லும், புதுப்பட்டையை உண்டாக்கும் வளர்படலத்துக்கு மிக அருகில். அதைத் தொடாமல் ஒரு மில்லிமீட்டர் முன்னால் கத்தி நிற்க வேண்டும். முன்னதாகவே நின்றால் பால் குறையும். தொட்டுவிட்டால் அந்த இடத்தில் காயம் ஆறும்போது கட்டை எழும்பி, புதுப்பட்டை மேடும் பள்ளமுமாக வரும், அடுத்த சுற்றில் அதில் கத்தி ஓடாது. இதெல்லாம் இருட்டில், மரத்துக்கு அரை நிமிஷத்தில். வருஷத்துக்கு 240 நாள் என்று குறைத்து வைத்தாலும் 72,000 வெட்டு. முப்பது வருஷத்துக்கு இருபது லட்சத்தைத் தாண்டும்.

வெட்டி முடித்து இரண்டு மூன்று மணி நேரம் பால் சொட்டும். அதன் பிறகு வாளியோடு இரண்டாம் சுற்று. மனைவியும் கூட வருவது இந்தச் சுற்றுக்குத்தான். சென்ட்ரிஃபியூஜ் செய்யும், அதாவது இயந்திரத்தில் சுழற்றிச் செறிவாக்கும் பாலாக இருந்தால் உறையாமல் இருக்க அம்மோனியா சேர்க்க வேண்டும். அவர் சட்டையில் அந்த வாடை போகவே போகாது என்று மகள் சொன்னார். ஷீட் அடிக்கும் பாலாக இருந்தால் வடிகட்டி, தண்ணீர் கலந்து, டிஷ்ஷில் ஊற்றி, தண்ணீரில் கரைத்த ஃபார்மிக் அமிலம் விட்டு உறைய வைத்து, மறுநாள் உருளையில் கொடுத்து, புகை போட்டு உலர்த்தும் புகைப்புரையில் நாலு நாள். சூடு 40 பாகையில் தொடங்கி 60-க்குள் நிற்க வேண்டும். முதல் நாளே தீயைக் கூட்டினால் ஷீட்டுக்குள் குமிழ் விழும், தரம் இறங்கும்.

குமரி மாவட்டத்துக்கு இரண்டு மழை. ஜூனில் ஒன்று, அக்டோபரில் ஒன்று. வெட்டுத்தடம் நனைந்தால் பால் சிரட்டைக்குப் போகாமல் மழைத்தண்ணியோடு கலந்து மரத்தின் மேலெல்லாம் பரவும், ஈரம் தங்கினால் பட்டை அழுகும். அதற்காகத்தான் மே மாதமே மரத்துக்கு மரம் பசை தடவி பிளாஸ்டிக் பாவாடை ஒட்டுவது. ஒட்டும் இடத்தில் மேல்பட்டையைச் சுரண்டிச் சமமாக்காமல் விட்டால் பசைக்கு அடியில் தண்ணி இறங்கும். பாவாடை இருந்தும் தடம் நனையும். இந்தச் சுரண்டல் வேலையில் அவருக்கு ஈடு இல்லை என்றார் கூட வேலை பார்த்த உள்ளூர்க்காரர். “நாங்க பத்து மரம் ஒட்டுகப்போ அண்ணாச்சி ஆறு மரந்தான் ஒட்டுவாரு. மழையில எங்களுக்கு நாலு மரம் ஒழுகும், அவருக்கு ஒண்ணும் ஒழுகாது.”

மதியத்துக்குப் பிறகு

பால்வெட்டுக்காரரின் நாள் பகல் பன்னிரண்டு மணிக்குள் முடிந்துவிடும். “பாசமான தகப்பன்” என்ற வரிக்கு உள்ளே இருப்பது இந்த நேரக்கணக்கு. மனைவி பிற்பகல் களை வெட்டப் போனபோது வீட்டில் இருந்தது அவர். பள்ளி விட்டு வந்த பிள்ளைகளுக்குத் தேங்காய் ரொட்டியும் சம்பலும் போட்டது அவர். பக்கத்து வீடுகளில் மரச்சீனியும் (மரவள்ளிக்கிழங்கும்) மீன்குழம்பும் இருக்க, தங்கள் வீட்டில் மட்டும் சிலோன் ரொட்டி என்று சின்ன வயசில் வெட்கமாக இருந்ததாக மகள் சொன்னார். இப்போது அவர் தன் பிள்ளைகளுக்கு அதைத்தான் சுடுகிறார்.

அவர் பேச்சில் கடைசி வரைக்கும் இரண்டு ஊர் இருந்தது. ஆள் கணக்கெடுக்கும் இடம் அவருக்குப் பிரட்டுக்களம். பாதிநாள் கூலி அரைப்பேர். வீடு காம்பரா. ஆனால் பிள்ளைகளைக் கூப்பிடும்போது “மக்களே” என்று குமரி மாவட்டக்காரராகிவிடுவார். சிரட்டைக்கு மட்டும் அவர் புதுச்சொல் கற்க வேண்டி வரவில்லை. அங்கும் சிரட்டை, இங்கும் சிரட்டை. இந்தச் சொற்களை மனைவி சொல்லச் சொல்ல மகள் ஒரு நோட்டில் எழுதினார், ஐம்பத்துச் சொச்சம் தேறியது. குடும்பங்கள் முதலில் செய்ய வேண்டியது இதுதான் என்று அழுத்திச் சொல்கிறோம். தாளை எப்போது வேண்டுமானாலும் நகல் எடுக்கலாம். சொற்கள் மனைவியின் நினைவில் மட்டும்தான் இருக்கின்றன.

மூன்று விதமாக எழுதிய ஒரு பெயர்

கடவுச்சீட்டில் தகப்பன் பெயர் முழுதாக முன்னால், தன் பெயர் பின்னால். இலங்கைத் தாள்களில் அதுதான் வழக்கம். இங்கே வைப்பு நிதிக் கணக்கில் தகப்பன் பெயர் ஒற்றை எழுத்தாகச் சுருங்கியது, அதுவும் ஆங்கிலத்தில் வேறு முதலெழுத்தில். ஆதாரில் தகப்பன் பெயரே இல்லை. இதற்கு மேல், இறப்புச் சான்றில் பெயரை நாலாவதாக வேறொரு விதமாக எழுதியிருந்தது. மருத்துவமனையில் உறவினர் ஒருவர் வாயால் சொன்னதை அப்படியே எழுதியிருந்தார்கள். முதல் மனு திரும்பியது இந்த நாலாவது விதத்தால்.

அதனால் வரிசையை மாற்றினோம். முதலில் பிறப்பு இறப்புப் பதிவாளரிடம் மனுக் கொடுத்து இறப்புச் சான்றில் பெயரை ஓய்வூதிய ஆணையில் உள்ள விதத்துக்கே திருத்தியது. ஆதாருக்கு ஏற்பத் திருத்துவதுதான் எல்லாரும் செய்வது. பணம் வர வேண்டிய தாள் எது என்று பார்த்து அதற்கு ஏற்பத் திருத்த வேண்டும். பிறகு நோட்டரி முன்னால் மனைவி கொடுத்த உறுதிமொழிப் பத்திரம், மூன்று விதமும் ஒருவரையே குறிக்கும் என்று, ஒவ்வொரு விதமும் எந்த ஆவணத்தில், எந்த ஆண்டில் என்று தனித்தனி வரியாக. அதோடு குடும்ப அட்டையின் நகல், மனைவியின் பெயர் உள்ள பக்கம். இவர் அவருடைய மனைவி என்பதற்கு வீட்டில் இருந்த மிகப் பழைய அரசுச் சான்று அதுதான். 16.11.1995-இல் நடைமுறைக்கு வந்த ஊழியர் ஓய்வூதியத் திட்டத்தில் ஓய்வூதியம் வாங்கியவர் இறந்தால் மனைவிக்குத் தொடரும் உரிமை உண்டு. உரிமையில் சிக்கல் எதுவும் இல்லை, பெயரில்தான் இருந்தது. இரண்டாவது மனுவை ஏற்றுக்கொண்டார்கள்.

வருஷ நினைவு நாளுக்கு அடிக்கும் அட்டையில் இப்போது இருப்பது இது: “இரத்தினபுரி மாவட்ட ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தப்படி இந்தியக் குடிமகனாக, மனைவியோடும் கைக்குழந்தையோடும் தலைமன்னார் வழியே ராமேஸ்வரம் வந்தார். குமரி மாவட்டத்து அரசு ரப்பர் தோட்டங்களில், முதலில் வனத்துறையின் கீழும் 1984 முதல் அரசு ரப்பர் கழகத்திலும், நாளுக்கு முந்நூறு மரம் பால் வெட்டினார். மதியத்துக்குப் பின் பிள்ளைகளுக்கு ரொட்டி சுட்டார்.” கடைசி வரியை மகள் சேர்த்தார்.

கத்தி ஒன்றும் இருக்கிறது. வெட்டுவாய் மடியும் மூலை வரைக்கும் தேய்ந்து, புதுக்கத்தியில் முக்கால்வாசிதான் மிச்சம். உள்பக்கம் மெல்லிய கல்லாலும் வெளிப்பக்கம் தட்டைக் கல்லாலும் தீட்டிய கோடுகள் இன்னும் தெரிகின்றன. மூலை மழுங்காமல் கூராக நிற்கிறது. அந்த மூலை மழுங்கினால்தான் பட்டை பிய்யும், பால் தடத்தை விட்டு வழியும். பேரன் அதைப் பளபளவென்று தீட்டிக் கண்ணாடிப் பெட்டியில் வைக்க நினைத்தான். வேண்டாம் என்றோம். துரு இருக்கும் இடத்தை உலர்ந்த துணியால் துடைத்து, தேங்காயெண்ணெய் லேசாகத் தடவி, பருத்தித் துணியில் சுற்றி வைத்தால் போதும். மழைக்காலத்தில் மாதம் ஒரு முறை பிரித்துப் பார்க்க வேண்டும். கல்லில் மட்டும் வைக்கக் கூடாது, அந்தக் கோடுகள் அவர் கை போட்டவை.